வெண்பனிக்கு முன் சுண்ணாம்பு: குளிர்கால டாங்கி மாதிரிகள்

நவம்பர் 8, மன்னார்குடி வாசகரின் கேள்வி

1/35 அளவில் (உண்மை அளவில் 35இல் ஒரு பங்கு) சோவியத் டி-34 டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கட்டி, பச்சை வண்ணம் அடித்து முடித்தேன். 1942ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நிற்பதாகக் காட்ட வேண்டும் என்பதற்காகப் பெவிகாலைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, அதன்மேல் ஆப்ப சோடாவைச் சலித்துத் தூவினேன். இப்போது அது மாவு மில்லுக்குள் நிறுத்தி வைத்த வண்டியைப் போல இருக்கிறது. வெண்பனியைக் கண்ணால் கண்டிராத நம் டெல்டாக்காரர்களால் இதை நம்பும்படி செய்ய முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறு எந்தத் தூளைப் பயன்படுத்தலாம்?

நவம்பர் 8, இரவு, என் பதில்

தூளைப் பற்றிய கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் வர வேண்டிய கேள்வி, அந்த டாங்கி எந்த மாதத்தில், எந்த வேளையில், ஓடிக்கொண்டிருக்கிறதா அல்லது இரவு முழுவதும் நின்றிருந்ததா என்பது. போர்க்காலப் புகைப்படங்களைப் பொறுமையாகப் பாருங்கள். வெண்பனி பெரும்பாலும் தரையில்தான் கிடக்கிறது. டாங்கியின்மேல் அது சில மூலைகளில் மட்டும் ஒதுங்கியிருக்கிறது. டாங்கியை மூடியிருப்பது சுண்ணாம்பு, சேறு, உருகி வழிந்த நீர், ஆட்களின் பூட்ஸ் தேய்த்த தடம். இந்த நான்கில் நாம் பார்த்திராதது எது? டெல்டாக்காரரால் முடியாது என்ற கூற்றை நான் ஏற்கவில்லை.

நவம்பர் 9

சோடாவை எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெவிகால் முழுவதும் இறுகுவதற்குள் செய்தால் அடிவண்ணம் பிழைக்கும். ஆப்ப சோடா காரத்தன்மை உடையது. நம் ஊர் ஈரக்காற்றில் அது கட்டி தட்டும், நாளடைவில் மஞ்சள் பூக்கும், கீழே உள்ள வண்ணத்தையும் பாதிக்கும். சூப்பர் குளூ பட்ட இடத்தில் சோடா விழுந்தால் நொடியில் கல்லாக இறுகிவிடும், பிறகு அரம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அரிசி மாவைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எறும்பும் பூஞ்சையும் வரும் என்பதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

நவம்பர் 12

இப்போது சுண்ணாம்புக்கு வருகிறேன். என் பார்வையில் இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1941 டிசம்பர் 5 அன்று மாஸ்கோவுக்கு முன்னால் சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியபோது, ஜெர்மன் டாங்கிகளில் பல இன்னும் கருஞ்சாம்பல் நிறத்திலேயே வெண்பனியில் நின்றிருந்தன. வெள்ளை வண்ணம் போதுமான அளவு வந்து சேராததால் கிடைத்த சுண்ணாம்பையும் சாக்கட்டியையும் கரைத்து அடித்தார்கள். படுக்கை விரிப்புகளைக்கூடப் போர்த்தினார்கள். கழுவினால் போய்விடும் குளிர்கால வெள்ளை வண்ணம் முறையாகப் பின்னர்தான் கிடைத்தது. சோவியத் தரப்பிலும் குளிர்கால வெள்ளை என்பது பருவம் முடிந்ததும் கழுவி எடுப்பதற்கான மேற்பூச்சுதான். இரு தரப்பிலும் பெரும்பாலும் பெரிய பிரஷ்ஷால், அவசரத்தில், கடுங்குளிரில் கை விறைத்த நிலையில் அடித்தார்கள். ஆகவே அந்த வெள்ளை சமமாக இருக்காது. ஜெர்மன் டாங்கிகளில் சிலுவைக் குறியையும் வண்டி எண்ணையும் மறைக்காமல் சுற்றிலும் ஒரு கட்டம் விட்டு அடித்திருப்பதைப் படங்களில் காணலாம். அந்தக் கட்டத்திற்குள் பழைய சாம்பல் நிறம் அப்படியே தெரியும்.

சுண்ணாம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்து வளர்ந்த நமக்குத் தெரியும். அடிக்கும்போது கண்ணுக்கே தெரியாது, காயக்காய வெளுக்கும். ஒரே பூச்சில் அடியிலுள்ள நிறம் மறையாது. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். சுவரில் அது பல ஆண்டுகள் நிற்பதற்குக் காரணம், காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகி, கீழேயுள்ள காரையோடு பற்றிக்கொள்வதுதான். வண்ணம் பூசிய இரும்பில் பற்றிக்கொள்ள ஏதும் இல்லை. எண்ணெய் பட்ட இடத்தில் முதலில் உரியும், மழையிலோ உருகிய பனிநீரிலோ கீழ்நோக்கிக் கரைந்து வழியும், கை படும் இடத்தில் தேய்ந்து மெலியும். உரிதல், வழிதல், தேய்தல் ஆகிய மூன்றும் மூன்று விதமான அடையாளங்கள். மாதிரி செய்பவர்கள் பலர் உரிதலை மட்டும் எல்லா இடத்திலும் செய்துவிடுவதால்தான் வண்டி முழுவதும் ஒரே மாதிரியான திட்டுகள் நிறைந்து, நோய் கண்டது போன்ற தோற்றம் வருகிறது.

உரிதலுக்கு ஹேர்ஸ்ப்ரே முறையைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. பச்சை வண்ணம் நன்றாகக் காய்ந்ததும் ஒரு வார்னிஷ் பூச்சு, அதன்மேல் மெல்லியதாக இரண்டு முறை ஹேர்ஸ்ப்ரே, அது காய்ந்தபின் நீர்த்த வெள்ளை அக்ரிலிக் வண்ணம். சிறிது நேரம் கழித்து ஈரப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் ஹேர்ஸ்ப்ரே கரைந்து, மேலுள்ள வெள்ளை சில்லுகளாக எழும்பும். வழிதலை வெள்ளை ஆயில் பெயிண்ட்டால், மேலிருந்து கீழாக, ஏறக்குறைய உலர்ந்த தட்டைப் பிரஷ்ஷால் இழுத்துச் செய்ய வேண்டும். தேய்தலுக்குப் பிரஷ் தேவையில்லை, சற்று ஈரமான பஞ்சுக்குச்சியே போதும்.

நவம்பர் 13

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க: டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-2 என்ற வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தைப் பயன்படுத்துபவர்கள் அதைத் தண்ணீரில் நீர்த்தால் எளிதில் உரியும். லேக்கர் தின்னரில் நீர்த்தால் இறுகப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு தேய்த்தாலும் வராது.

நவம்பர் 19

அடைமழை தொடங்கிவிட்டது. இந்த வானிலையில் லேக்கர் வகை மேட் வார்னிஷை (பளபளப்பில்லாத மேற்பூச்சை) ஸ்ப்ரே செய்யாதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, வார்னிஷ் பால்போல் வெளுத்துவிடும். கும்பகோணத்தில் கார்த்திகை மாதத்தில் இது எனக்கு வாடிக்கையான தொல்லை. வெள்ளையடித்த டாங்கியில் இந்த வெளுப்பு உடனே தெரியாது. அடுத்த நாள் பச்சை தெரிய வேண்டிய இடங்களெல்லாம் மங்கிப் போயிருப்பதைக் கண்டபிறகே புரியும். சிலர் இந்த வெளுப்பை உறைபனிப் படலமாகவே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உறைபனி விளிம்புகளிலும், குளிர்ந்த மெல்லிய தகடுகளிலும் அதிகமாகப் படியும், என்ஜின் பக்கம் குறைவாக இருக்கும். வார்னிஷ் வெளுப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் இந்த மாதங்களில் வேலை செய்ய வேண்டாம். குழாயில் சேர்ந்த நீர், வண்ணத்தோடு சேர்ந்து துப்பும். ஹேர்ஸ்ப்ரேயும் மழைநாளில் முழுவதும் காயாமல் பிசுபிசுப்பாக நிற்கும். மூடிய பெட்டிக்குள் சிறிய குண்டு பல்பை எரியவிட்டு, மாதிரியைப் பல்பிலிருந்து தள்ளி வைத்துக் காயவிடுவது எனக்குப் பயன்படுகிறது. பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்பதால் கையை வைத்துப் பார்த்து, இளஞ்சூட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 27

எங்கே தேய்க்க வேண்டும் என்று திருவாரூர் நண்பர் கேட்டிருக்கிறார். ஓட்டுநர் எந்த வழியாக ஏறி இறங்குகிறார், டரட்டில் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூட்டில்) உள்ளவர் எதைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறார், குண்டுகளை எந்தப் பக்கமிருந்து ஏற்றுகிறார்கள் என்பதை உங்கள் கையாலேயே மாதிரியின்மேல் நடத்திப் பாருங்கள். விரல் போகும் பாதைதான் தேய்ந்த பாதை.

டி-34க்கு இன்னொரு தடம் உண்டு. சோவியத் காலாட்படையினர் டாங்கியின் மேலேயே உட்கார்ந்து போருக்குப் போனார்கள். என்ஜின் மேல்தளத்தில் சூடு கிடைத்ததால் குளிர்காலத்தில் அவர்கள் விரும்பிய இடமும் அதுதான். அடியில் 500 குதிரைத்திறன் கொண்ட பன்னிரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே பின்பகுதி மேல்தளத்தில் வெள்ளை பெருமளவு தேய்ந்து, பச்சையும் அழுக்கும் தெரிய வேண்டும். ஓடும் டாங்கியின் அந்தத் தளத்தில் வெண்பனியைக் குவிப்பது அந்த வண்டியின் இயல்புக்கே பொருந்தாது. வெண்பனி அங்கே உருகும், நீர் பக்கவாட்டில் வழியும், குளிர்ந்த விளிம்பை அடைந்ததும் மீண்டும் உறையும். பின்தகட்டில் இரண்டு புகைபோக்கிக் குழாய்களைச் சுற்றி வெள்ளையின்மேல் டீசல் கரி படிந்திருக்கும். மன்னார்குடி நண்பரின் படத்தில் அந்த இடம்தான் மிகவும் வெண்மையாக இருக்கிறது.

டிசம்பர் 3

நாகப்பட்டினத்திலிருந்து கோலமாவைப் பற்றிய கேள்வி. மலிவு, வெண்மை, கல்தூள் என்பதால் கெட்டுப்போகாது, எல்லாம் சரி. ஆனால் கணக்கைப் பாருங்கள். கோலமாவின் ஒரு மணி 0.3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 1/35 அளவில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று மேல். அது ஆலங்கட்டி மழைக்குப் பொருந்தும். 3 மி.மீ. அளவுள்ள ஓர் உண்மையான பனித்துகள் நம் மாதிரியில் 0.1 மி.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும். கோலமாவைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, கீழே விழும் மிக நுண்ணிய தூளை மட்டும் எடுத்தால் தரைக்குப் பயன்படுத்தலாம், டாங்கியின்மேல் வேண்டாம். சலித்து மிஞ்சியது வாசலுக்கு.

டிசம்பர் 5

துருவும் தூசியும் பற்றிச் சுருக்கமாக. நம் கண் பம்புசெட் இரும்பைப் பார்த்துப் பழகியது. நம் ஊரில் மழை நனைத்த இரும்பு விரைவில் செந்துரு பிடிப்பதைப் பார்ப்பதால், எல்லா இரும்பிலும் அதே செம்மையைப் பூசத் தோன்றுகிறது. கடுங்குளிரில் நீர் உறைந்து கிடக்கும்போது துரு மிக மெதுவாகவே நகரும். ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியின் டிராக்குகள் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைகள்) கரும்பழுப்பாகவும், தரையைத் தொடும் விளிம்புகள் உரசி மின்னுவதாகவும் இருந்தால் போதும். அதேபோல் காவி நிறத் தூசிப் பூச்சு குளிர்கால வண்டிக்குத் தேவையில்லை, ஏனெனில் தரை முழுவதும் வெண்பனியால் மூடியிருக்கும்போது பறப்பதற்குத் தூசி இல்லை.

டிசம்பர் 14

சேறு. இதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

தாளடி நடவுக்குத் தொளி உழுதுவிட்டுக் கரையேறும் டிராக்டரை நின்று பாருங்கள். கேஜ் வீலில் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரத்தில்) அப்பியிருக்கும் சேறு ஒரே நிறமல்ல. புதிதாக ஒட்டியது கருத்து மினுங்கும், ஓரங்கள் வெளிறிக் காயத் தொடங்கியிருக்கும், முந்தைய நாள் ஒட்டியது சாம்பல் பூத்து வெடித்திருக்கும், மட்கார்டின் அடியில் தெறித்தது பொட்டுப் பொட்டாக இருக்கும். இந்த நான்கு அடுக்குகளையும் காட்டினால் டாங்கியின் கீழ்ப்பாதி தானாகவே உயிர் பெறும். நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும்: நம் வண்டல் வெளிர்ந்த பழுப்பு, உக்ரைனின் கரிசல் ஏறக்குறைய கறுப்பு. கார்கோவ் பகுதியில் 1943 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த சண்டைகளின் டாங்கிகளைச் செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அப்போது வெள்ளை மங்கிச் சாம்பலாகி, பனி உருகி, தரை குழம்பத் தொடங்கியிருந்தது. வெள்ளையைவிடச் சேறு மிகுந்த குளிர்கால டாங்கி அது.

உறைந்த சேறு காய்ந்த சேற்றிலிருந்து வேறுபட்டது. நீர் உள்ளேயே பனிக்கட்டியாகி நிற்பதால் அது வெளிறாமல், ஈரச்சேற்றின் கருநிறத்தோடு, வெடிப்பின்றிக் கட்டியாக இருக்கும். டைகர், பாந்தர் போன்ற ஜெர்மன் டாங்கிகளில் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி அமைந்திருந்ததால், இடையில் அப்பிய சேறும் பனியும் இரவில் உறைந்து, காலையில் வண்டியை நகரவிடாமல் செய்துவிடும். அந்த இரண்டு மாதிரிகளைச் செய்பவர்கள் சக்கரங்களை ஒட்டுவதற்கு முன்பே உள்வரிசையில் சேற்றை வைத்துவிட வேண்டும், பிறகு பிரஷ் உள்ளே போகாது.

டிராக் வீசியெறிந்து மட்கார்டின் அடியில் சேரும் வெண்பனியும் வெண்மையாக இருக்காது. அது மண் கலந்த அழுக்குப் பனி. தூளோடு சேற்று நிறத்தைக் கலந்தே அங்கே வைக்க வேண்டும்.

டிசம்பர் 21

டிசம்பர் 5 குறிப்பில் தூசி இல்லை என்றது ரஷ்யச் சமவெளிக்கு. தஞ்சாவூர் நண்பர் ஒருவர் லடாக்கில் நிற்கும் டி-72 டாங்கி ஒன்றைச் செய்வதாகச் சொல்லியிருப்பதால் இதைத் தெளிவாக்க வேண்டும். லடாக் குளிர்ப் பாலைவனம். லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 100 மி.மீ. மட்டுமே. அங்கே கடுங்குளிரும் புழுதியும் ஒன்றாகவே இருக்கும். டாங்கியின் மேல் மணல் நிறத் தூசி, நிழல் விழும் மூலைகளில் மட்டும் பொடிப்பொடியாக வெண்பனி, சேறு ஏறக்குறைய இல்லை. நான் முன்பு எழுதிய கீழ்ப்பாதிச் சேற்றை அங்கே அப்படியே கொண்டுபோகக் கூடாது.

இதைச் சொல்லும்போது ஜோஜி லா கணவாயைச் சொல்லாமல் விட மனமில்லை. 1948 நவம்பர் 1 அன்று ஏறக்குறைய 11,500 அடி உயரத்தில், இந்திய ராணுவத்தின் 7ஆவது லைட் கேவல்ரி படைப்பிரிவின் ஸ்டூவர்ட் இலகுரக டாங்கிகள் அந்தக் கணவாயைத் தாக்கின. கோவேறு கழுதைகள் போகும் பாதையை டாங்கி ஏறும்படி அகலப்படுத்தியவர்கள் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். டாங்கிகள் வருவது எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக டரட்டுகளைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோனார்கள். நம்மவர் கைபட்ட இந்தக் குளிர்காலக் காட்சியை, பாறைப்பாதையும் மண்வெட்டி பிடித்த சாப்பர்களும் மெல்லிய பனியும் சேர்த்து யாராவது ஒரு தளத்தில் அமைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1/35 அளவில் ஸ்டூவர்ட் கிட் கிடைக்கிறது. டரட்டைத் தனியே தார்ப்பாயில் மூடி ஒரு லாரியில் வைத்தால் அந்த வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் வந்துவிடும்.

டிசம்பர் 29

இப்போது தூள். கண்ணாடி மைக்ரோபலூன் எனப்படும் உள்ளீடற்ற நுண்மணிகள் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. பிசினோடு கலக்கும் நிரப்புப் பொருளாக விற்கப்படுகின்றன. அளவு 0.1 மி.மீ.க்கும் குறைவு, நிறம் மாறாது, ஈரத்தை உறிஞ்சாது. அதனோடு வெள்ளை அக்ரிலிக் வண்ணமும் மேட் வார்னிஷும் சில துளி பெவிகாலும் சேர்த்து, தோசை மாவுக்கும் சற்றுத் தளர்வான பதத்தில் குழைத்துப் பிரஷ் நுனியால் வைக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் அதன்மேல் உலர்ந்த தூளைக் கொஞ்சம் சலித்தால் மேற்பரப்பு புதுப்பனியாகத் தோன்றும். தூள் மிக லேசானது, மூச்சோடு உள்ளே போகும். முகக்கவசம் இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம், மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். மைக்ரோபலூன் கிடைக்காதவர்கள் நுண்ணிய மார்பிள் பவுடரைப் பயன்படுத்தலாம். சற்றுக் கனமாகத் தெரியும், ஈரப்பனிக்கு அது பொருந்தும்.

ஈரப்பனி, உலர்பனி என்ற வேறுபாட்டை வைத்தே எங்கே வைப்பது என்பதை முடிவு செய்யுங்கள். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் பனி செங்குத்தான பக்கங்களிலும் ஒட்டும். கடுங்குளிரில் விழும் உலர்பனி காற்றில் பறந்து, மூலைகளிலும் கருவிப் பெட்டிகளின் பின்புறத்திலும் மட்டும் தங்கும். டி-34இன் முன்தகடு செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்தது, அதாவது தரையோடு 30 பாகைதான். நின்றிருக்கும் வண்டியில் அங்கே பனி தங்கும். பக்கவாட்டில் அவ்வளவு தங்காது.

ஆழத்தையும் அளந்து செய்யுங்கள். 30 செ.மீ. பனி என்பது 1/35 அளவில் ஏறக்குறைய 8.5 மி.மீ. டி-34இன் அடிவயிறு தரையிலிருந்து 40 செ.மீ. உயரம், நம் அளவில் 11 மி.மீ. சொச்சம். தரையில் அதைவிட ஆழமாகப் பனியைக் கொட்டினால் டாங்கி வயிற்றால் பனியை உழுதுகொண்டு போனதற்கான தடத்தையும் இரண்டு டிராக் தடங்களுக்கு நடுவே காட்ட வேண்டும். டிராக் அழுத்திய பனி தூளாக இருக்காது. இறுகி, லேசான பளபளப்போடு, மண் கலந்து சாம்பலாக இருக்கும்.

ஜனவரி 6

வெள்ளைச் சுண்ணாம்பில் நீலம் கலப்பதைப் போல் பனியிலும் நீலம் கலக்கலாமா என்ற கேள்விக்கு: டாங்கியின்மேல் வேண்டாம். ஒளி ஆழமாக ஊடுருவும் தடித்த பனியில் சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலச் சாயல் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் தகட்டின்மேல் ஒதுங்கிய சில விரற்கடைப் பனியில் அது தெரியாது. தரையில் டிராக் தடத்தின் ஆழத்தில் மட்டும் மிக மெலிதாகத் தொட்டுவிடலாம். அதைவிட முக்கியம், சுண்ணாம்பின் வெள்ளையும் பனியின் வெள்ளையும் ஒன்றாகிவிடக் கூடாது. சுண்ணாம்பில் துளி சாம்பலும் துளி மஞ்சளும் கலந்து அதைத் தணித்துவிடுங்கள். அதன் பக்கத்தில் வைத்தால் கலப்பில்லாத வெள்ளை தானாகவே பனியாகிவிடும்.

ஜனவரி 12

எதிர்வீட்டில் போகிக்கு முன்னால் வெள்ளையடிக்கிறார்கள். நேற்றுப் பாதி நாள் அதைப் பார்த்தபின் நவம்பர் 12 குறிப்பில் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. ஏர்பிரஷ் வெள்ளை எவ்வளவு நன்றாக உரிந்தாலும் அதில் பிரஷ் போன திசை இல்லை. சுவரில் மட்டை எட்டிய உயரத்தில் ஒரு வரி நிற்கிறது, ஜன்னல் கம்பிகளைச் சுற்றி அவசரமாகத் தொட்ட பூச்சு கனமாக இருக்கிறது, கை எட்டாத மூலை அப்படியே விடுபட்டிருக்கிறது. டாங்கியிலும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆகவே இனி மெல்லிய ஏர்பிரஷ் பூச்சின்மேல் சிறிய தட்டைப் பிரஷ்ஷால் இரண்டாவது வெள்ளையை ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வொரு திசையில் இழுத்துப் பிறகே ஈரப் பிரஷ்ஷை எடுக்கப் போகிறேன். டரட்டில் மேலிருந்து கீழாகவும், பக்கத் தகட்டில் நீளவாக்கிலும், கருவிப் பெட்டிகளின் பின்னால் விட்டுவிட்டும்.

ஜனவரி 13

மன்னார்குடி நண்பர் அனுப்பிய புதிய படம் மிகவும் மகிழ்ச்சி தந்தது. என்ஜின் தளத்தில் பச்சை வந்துவிட்டது, டிராக்கின் செந்துருவும் போய்விட்டது. இரண்டு இடங்களில் மட்டும் கை வையுங்கள். டரட்டின் பெரிய மூடி திறந்திருக்கிறது, ஆனால் அதன் உட்புறத்திலும் வெள்ளை இருக்கிறது; மூடி மூடியிருக்கும்போதுதான் வெளியே வெள்ளையடித்திருப்பார்கள், ஆகவே உட்புறத்தைப் பச்சையாகவே விடுங்கள். இடது மட்கார்டில் வைத்திருக்கும் பனி ஏணிப்படிபோல் நேராக நிற்கிறது; ஓட்டுநர் ஏறும் பக்கத்தில் அதை மிதித்து உடைத்துவிட்டு, மிதித்த இடத்தில் சேற்று நிறம் தொடுங்கள். மேட் வார்னிஷை மழை விட்ட ஒரு பகலில், பதினோரு மணிக்கு மேல் அடியுங்கள்.